முற்றத்து வெளிச்சமும் ஒரு ஃப்ளாஷும்

கல்யாண போட்டோகிராபர்களின் அறிமுகக் குறிப்புகளில் ஒரு வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: "நாங்கள் இயற்கை வெளிச்சத்தில் மட்டுமே எடுக்கிறோம்." மிட்டாய்க் கடை வாசலில் 'சுத்தமான நெய்யில் செய்தது' என்று எழுதி வைப்பதைப் போல அது ஒரு தர முத்திரையாகவே ஆகிவிட்டது. இது எங்கிருந்து வந்தது என்பது புரியாமல் இல்லை. கேமராவின் தலையிலேயே ஃப்ளாஷைச் செருகி நேருக்கு நேர் அடித்த ஆல்பங்கள் எல்லா வீட்டு பீரோவிலும் இருக்கின்றன. முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி, நெற்றியில் எண்ணெய்ப் பளபளப்பு, பின்னால் நிற்கும் பெரியப்பா இருட்டில், சுவரில் கத்தரித்து ஒட்டியது போலக் கறுத்த நிழல். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஃப்ளாஷ் மேலேயே வெறுப்பு வந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்தப் படங்களைக் கெடுத்தது விளக்கு இருந்த இடம். லென்ஸுக்கு நாலு அங்குலம் மேலே, உள்ளங்கையை விடச் சின்னதாக ஒரு கண்ணாடி. சூரியனையே கொண்டுவந்து அந்த இடத்தில், அந்த அளவில் வைத்தாலும் முகம் அப்படித்தான் இருக்கும்.

இந்த விஷயம் மனதை விட்டுப் போகாததற்குக் காரணம் இருக்கிறது. 'இயற்கை மட்டும்' என்பது சட்டமாகிவிட்டால், வீட்டின் பாதியும் நாளின் பாதியும் போட்டோகிராபரின் கையை விட்டுப் போகின்றன. பூஜை அறை, சமையல்கட்டு, இரண்டாம் கட்டு, மாலை ஆறரைக்குப் பிறகு நடக்கும் எல்லாமும். அங்கெல்லாம் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவை) 12800க்கு ஏற்றி எடுத்துவிட்டு, பிறகு கணினியில் முகத்தைத் தூக்கித் தூக்கிச் சாம்பலாக்குகிறார்கள். அந்தச் சாம்பலை இயற்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முற்றத்தில் எங்கே நிறுத்துவது

செட்டிநாட்டு வீடுகளில் இப்போது போஸ்ட் வெட்டிங் ஷூட் நிறைய நடப்பதால் அங்கிருந்தே தொடங்கலாம். திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தேக்குத் தூண்கள், முட்டை வெள்ளை கலந்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர். படம் எடுக்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம். இருந்தும் பலர் ஜோடியைக் கொண்டுபோய் முற்றத்தின் நட்டநடுவில் நிறுத்துகிறார்கள். அங்கே வெளிச்சம் முழுக்க உச்சந்தலையிலிருந்து இறங்கும். கண்குழி இருண்டுவிடும், மூக்குக்குக் கீழே மீசை மாதிரி நிழல் விழும். மேகமூட்டமாக இருந்தாலும் இது நடக்கும், கொஞ்சம் மென்மையாக நடக்கும், அவ்வளவுதான்.

தூண் வரிசைக்கு உள்ளே இரண்டடி தள்ளி நிறுத்துங்கள். தாழ்வாரத்தின் சாய்ப்பு தலைக்கு மேலிருக்கும் வானத்தை மறைத்துவிடும். எதிர்ப்பக்க வானத்தின் ஒரு துண்டும், வெயில் பட்டு ஒளிரும் எதிர்ச் சுவரும் மட்டுமே முகத்தைத் தொடும். வெளிச்சம் மேலிருந்து இறங்குவதை விட்டுவிட்டுச் சாய்வாக வரத் தொடங்கும். சரியான இடமா என்று தெரிந்துகொள்ள அவருடைய கருவிழியைப் பாருங்கள். கண்ணில் தெரியும் வெள்ளைப் பொட்டு கடிகாரத்தில் பத்து மணி அல்லது இரண்டு மணி இடத்தில் இருந்தால் வெளிச்சம் நல்ல உயரத்தில் இருக்கிறது. பன்னிரண்டில் இருந்தாலோ, இமைக்குப் பின்னால் காணாமல் போயிருந்தாலோ இன்னும் ஓரடி உள்ளே தள்ளுங்கள்.

அடுத்தது கேமரா நிற்கும் இடம். முற்றத்திலிருந்து உள்நோக்கி எடுத்தால் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து போகும், முகம் தட்டையாக வரும். உள்ளேயிருந்து முற்றத்தை நோக்கி எடுத்தால் உருவம் கறுத்து விளிம்பு மட்டும் மின்னும். தாழ்வாரத்தின் நீளவாக்கில் நின்று எடுத்தால் ஒரு கன்னம் வெளிச்சத்திலும் மறு கன்னம் நிழலிலும் வரும். மூக்கின் வடிவம், தாடை, ஜிமிக்கியின் நிழல் எல்லாம் உயிர்பெறுவது இங்கேதான். நல்ல வெயில் நாளில் இந்த இடத்தில் ஐஎஸ்ஓ 400, லென்ஸின் திறப்பு (அப்பெர்ச்சர்) எஃப் 2.8, ஷட்டர் 1/250 நொடி என்ற அளவை ஒட்டி வரும். பின்சுவர் வரை போனால் அதே வெளிச்சம் இரண்டு மூன்று ஸ்டாப் குறைந்துவிடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி, கூடினால் இரட்டிப்பு).

ஒரு தொந்தரவு மட்டும் உண்டு. உச்சி வெயில் நேராகத் தரையில் விழும்போது, தரையே ஒரு விளக்காகிவிடும். ஆத்தங்குடிக் கற்கள் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக இருப்பவை. சிவப்புக் கல் மீது வெயில் விழுந்தால் தாடையின் அடியும் மூக்கின் அடியும் செங்கல் நிறத்தில் வரும். பச்சைக் கல்லாக இருந்தால் கழுத்து நோயாளியின் கழுத்து போல ஆகிவிடும். எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸை எவ்வளவு திருகினாலும் இது போகாது, ஏனென்றால் நெற்றிக்கு ஒரு நிறமும் தாடைக்கு ஒரு நிறமும் வந்துகொண்டிருக்கிறது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். தீர்வு மிக எளிது: பிரேமுக்கு வெளியே, வெயில் விழும் இடத்தில், ஒரு எட்டு முழ வேட்டியை விரித்துவிடுங்கள். நிறக்கசிவு அந்த நொடியே நிற்கும். கூடவே கண்ணுக்குக் கீழே இருந்த கருமையும் இளகும். கடையில் விற்கும் ரிஃப்ளெக்டரை விட வேட்டி பெரிது, மடித்தால் பையில் ஒரு மூலை போதும். அதிகமாகச் சொட்டு நீலம் போட்டு வெளுத்த வேட்டி மட்டும் வேண்டாம். அது மெல்லிய நீலத்தை முகத்தில் ஏற்றும். வெளுக்காத பழைய பருத்தி வேட்டிதான் தோலுக்கு இதமான வெளிச்சம் தரும்.

கல்கத்தாவில் கட்டிய காசி முற்றம்

'இயற்கை மட்டும்' என்று சொல்பவர்களோடு பேசும்போதெல்லாம் என் மனதில் வந்து நிற்பவர் சுப்ரத மித்ரா. 1956இல் வந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வுக்கு ஒளிப்பதிவு செய்தபோது அவருக்கு இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் இருக்கும். கதையில் அந்தக் குடும்பம் காசியில் முற்றம் வைத்த ஒரு பழைய வீட்டில் குடியிருக்கிறது. மழைக்காலத்துக்குப் பயந்து, வீட்டின் உட்பகுதியைக் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா கல்கத்தாவில் ஸ்டூடியோவுக்குள்ளேயே செட்டாகப் போட வேண்டியதாயிற்று. மித்ரா அதற்கு மறுப்புச் சொன்னார். காசி வீட்டு முற்றத்தில் மேலிருந்து வழிந்து சுவரெல்லாம் பரவி எந்தப் பொருளுக்கும் கூரான நிழல் தராத அந்த வெளிச்சத்தை, ஸ்டூடியோ விளக்குகளை வைத்து எப்படிக் கொண்டுவருவது என்பது அவருடைய கவலை. அன்றைக்கு ஸ்டூடியோ விளக்கு என்றாலே பரணிலிருந்து நேராகக் குத்தும் விளக்குகள்தான். ஒருவர் நடந்தால் சுவரில் மூன்று நிழல் நடக்கும்.

அவர் செய்தது இது. முற்றத்தின் திறப்புக்கு மேலே, ஒரு துண்டு வானம் போல, வெள்ளைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார். விளக்குகளைக் கீழே வைத்து, அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். நடிகர்கள் மீது ஒரு விளக்கும் நேராக விழவில்லை. துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் மட்டும் முற்றத்துக்குள் இறங்கியது. படத்தைப் பார்க்கிறவர்களால் அது ஸ்டூடியோ என்று கண்டுபிடிப்பது கடினம். பவுன்ஸ் லைட்டிங் என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் முறைக்கு இந்திய சினிமாவில் அதுதான் பெரிய தொடக்கம்.

இந்த இடத்தில் நின்று யோசித்துப் பார்த்தால் நம் வாதமே வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. மித்ரா வானத்திலிருந்து மூன்று விஷயங்களை எடுத்துக்கொண்டார்: எந்தத் திசையிலிருந்து வருகிறது, எவ்வளவு அகலத்திலிருந்து வருகிறது, சுவர்களில் பட்டு எப்படி மறுபடி பரவுகிறது. சூரியன் தேவைப்படவில்லை. பார்ப்பவரின் கண் 'இது முற்றத்து வெளிச்சம்' என்று ஏற்றுக்கொள்வது இந்த மூன்றையும் வைத்துத்தான். நாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் ஜன்னல் வெளிச்சமும் அப்படியே. நாலடிக்கு ஆறடி ஜன்னல், முகத்துக்கு ஐந்தடி தூரம், ஒரு பக்கத்திலிருந்து வருகிறது. அந்த அளவையும் தூரத்தையும் திசையையும் யார் கொடுத்தாலும் முகத்தில் அதே மென்மைதான் விழும். ஆகவே ஒரு படத்தைப் பார்த்து நான் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. வெளிச்சம் எங்கே பிறந்தது என்பதைக் கேட்பதில்லை. முகத்திலிருந்து பார்த்தால் அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்கிறேன்.

வேட்டி, கொடிக்கயிறு, ஒரு ஃப்ளாஷ்

மித்ராவின் முறையை வீட்டில் செய்ய ஸ்டூடியோ தேவையில்லை. அதே எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்தால் கிட்டத்தட்ட ஆறடிக்கு நாலடி வெள்ளைப் பரப்பு கிடைக்கும். துணி காயப்போடும் கொடியில் மாட்டி, கீழ் முனைகளில் கனமாக ஏதாவது கட்டுங்கள், இல்லையென்றால் ஃபேன் காற்றில் ஆடி ஒவ்வொரு படத்திலும் வெளிச்சம் மாறும். துணியின் மேல் விளிம்பு, உட்கார்ந்திருப்பவர் தலையை விட மூன்றடி உயரத்தில் இருக்கட்டும். ஃப்ளாஷை ஒரு ஸ்டாண்டில் வைத்து, துணியிலிருந்து மூன்றடி தள்ளி, துணியை நோக்கித் திருப்புங்கள். ஃப்ளாஷின் ஜூமை 24 மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். 105இல் விட்டுவிட்டால் துணியின் நடுவில் ஒரு வட்டம் மட்டும் ஒளிரும், பெரிய துணி கட்டிய பயனே போய்விடும். ஆள் துணியிலிருந்து ஆறடி தூரத்தில். ஐஎஸ்ஓ 400, எஃப் 4, ஃப்ளாஷ் கால் பவர் என்று தொடங்கினால் பெரும்பாலும் அரை ஸ்டாப் முன்னே பின்னே சரியாக இருக்கும். கால் பவரில் ஓடும்போது ஃப்ளாஷ் ஒரு நொடிக்குள் மறுபடி தயாராகிவிடும், சூடாகி நின்றுபோகும் பயமும் குறைவு.

கூரையில் அடித்துத் திருப்புவதும் நல்ல முறைதான், ஆனால் கூரையைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். மொட்டை மாடி வீட்டின் பத்தடி உயர வெள்ளைக் கூரை என்றால் பிரச்சினை இல்லை. செட்டிநாட்டு வீட்டில் அடித்தால் தேக்குப் பலகையின் பழுப்பெல்லாம் முகத்தில் இறங்கும். மண்டபத்தில் இருபதடி உயரக் கூரையில் அடித்தால் பேட்டரி தீருமே தவிர வெளிச்சம் திரும்பி வராது. வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது, போய்வரும் தூரம் இரண்டு மடங்கானால் கால் பங்குதான் மிஞ்சும். அப்படிப்பட்ட இடத்தில் பக்கவாட்டில் ஒரு வெள்ளைச் சுவரோ, நம்பிக்கையான ஒருவர் விரித்துப் பிடிக்கும் துண்டோ அந்தக் கூரையை விட மேல்.

ஃப்ளாஷைத் தூரத்திலிருந்து இயக்க ரேடியோ டிரிகரே வாங்குங்கள். இன்னொரு ஃப்ளாஷின் மின்னலைப் பார்த்து அடிக்கும் ஸ்லேவ் முறை வீட்டில் ஓடும். கல்யாணத்தில் மாமா கையில் ஒரு கேமரா, மச்சான் கையில் ஒரு கேமரா இருக்கும். அவர்கள் அடிக்கும் ஒவ்வொரு ஃப்ளாஷுக்கும் உங்களுடையது பதில் சொல்லி, தாலி கட்டும் நொடியில் தயாராகாமல் நிற்கும்.

இரண்டு வெளிச்சம், இரண்டு பிடி

இருக்கும் வெளிச்சத்தோடு ஃப்ளாஷைக் கலப்பதுதான் பலருக்குக் குழப்பம். கலப்பதற்கு முன் இரண்டையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் பிடி எது என்று தெரிந்தால் குழப்பம் தீர்ந்துவிடும். ஃப்ளாஷ் மின்னி மறையும் நேரம் மிகக் குறைவு, முழுப் பவரிலேயே ஏறத்தாழ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஷட்டர் 1/60 ஆனாலும் 1/200 ஆனாலும் அந்த மின்னல் முழுதாக உள்ளே வந்துவிடும். ஆகவே ஷட்டர் வேகம் அறையின் வெளிச்சத்தை மட்டும் மாற்றும். ஃப்ளாஷின் பவரும் அது நிற்கும் தூரமும் ஃப்ளாஷ் வெளிச்சத்தை மட்டும் மாற்றும். அப்பெர்ச்சரும் ஐஎஸ்ஓவும் இரண்டையும் சேர்த்தே ஏற்றும், இறக்கும்.

நடைமுறையில் இப்படி: முதலில் ஃப்ளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். பின்னணி எவ்வளவு இருட்டாக வேண்டும் என்று ஷட்டரை வைத்து முடிவு செய்யுங்கள். முற்றத்துப் பின்னணி ஒரு ஸ்டாப் குறைந்து நின்றால் நிறம் செழிப்பாக இருக்கும். இரண்டு ஸ்டாப் குறைந்தால் பகலே அந்தி போல ஆகும். அந்தப் படத்தில் முகம் இருட்டாகத்தான் இருக்கும், பரவாயில்லை. இப்போது ஃப்ளாஷைப் போட்டு, முகம் சரியாக வரும் வரை பவரை மட்டும் ஏற்றுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். நிழலை மட்டும் கொஞ்சம் இளக்க ஃப்ளாஷ் வேண்டுமென்றால் வேறு கணக்கு. முகத்துக்கு இருக்கும் வெளிச்சத்தைச் சரியாக வைத்துக்கொண்டு, ஃப்ளாஷ் அதைவிட ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் குறைவாக நிற்கட்டும். ஃப்ளாஷ் இருப்பதே தெரியாது, கண்ணில் ஒரு பொட்டு மட்டும் தெரியும். இரண்டும் சமமாகிவிட்டால்தான் படத்தில் பொய் வாடை அடிக்கத் தொடங்கும்.

ஷட்டரை எல்லையில்லாமல் ஏற்ற முடியாது. பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250க்கு மேல் போனால், சென்சார் முழுதாகத் திறந்திருக்கும் நொடியே கிடையாது. ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரு சின்ன இடைவெளியாக ஓடும், படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும். வெட்டவெளி வெயிலில் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 100 வைத்தால் ஷட்டர் 1/3200 கேட்கும். அதை 1/200க்கு இறக்க, லென்ஸின் முன்னால் நான்கு ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கறுத்த கண்ணாடி) போடலாம். அல்லது ஃப்ளாஷை ஹை ஸ்பீடு சிங்க்கில் ஓட்டலாம். அந்த முறையில் ஃப்ளாஷ் ஒரே மின்னலாக அடிக்காமல் தொடர்ந்து துடித்துக்கொண்டே இருப்பதால் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் பலம் இழக்கும். சின்ன ஃப்ளாஷ் ஒன்றே ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால் நான் என்டி ஃபில்டர் பக்கம்தான்.

அந்தியும் விளக்கும்

நிறம் என்று வந்துவிட்டால் நேரம்தான் எல்லாம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளக்கிறோம், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். பகல் வெளிச்சமும் ஃப்ளாஷும் 5500 கெல்வினை ஒட்டி இருக்கும். வீட்டின் மஞ்சள் எல்இடி 2700 முதல் 3000. குத்துவிளக்குச் சுடர் 1900. சூரியன் மறைந்த பின் தெரியும் நீல வானம் 10000ஐத் தாண்டும். கேமராவால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வெள்ளையாகக் காட்ட முடியும். அந்தியில் 4000 கெல்வினை ஒட்டி ஒயிட் பேலன்ஸை வைத்தால் வானம் நீலமாகவும் வாசல் விளக்கு பொன்னிறமாகவும் நிற்கும். இரண்டும் ஒரே பலத்தில் இருக்கும் நேரம் மிகக் குறைவு என்பதுதான் சிக்கல். வெளிநாட்டு வீடியோக்களில் 'புளூ ஹவர்' என்று சொல்லி நிதானமாக ஸ்டாண்டு விரிப்பதைப் பார்த்துவிட்டு நம் ஊரில் ஏமாறுகிறவர்கள் உண்டு. லண்டனில் ஜூன் மாதம் அந்த மங்கல் வெளிச்சம் முக்கால் மணி நேரம் நீடிக்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்குச் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. சென்னையில் அந்த நேரம் 22 நிமிடத்தை ஒட்டித்தான். அதற்குள் வானத்தின் வெளிச்சம் ஏழு ஸ்டாப் விழுகிறது, அதாவது மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப். வாசல் விளக்குக்கும் வானத்துக்கும் பொருத்தம் கூடுவது சூரியன் மறைந்து பத்து பதினைந்து நிமிடத்தில். ஆகவே ஆளை நிறுத்தி, விளக்கைப் போட்டு, ஃப்ளாஷை முன்பே அளந்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு ஷட்டரை மட்டும் மூன்று நிமிடத்துக்கு ஒரு படி இறக்கிக்கொண்டே போகலாம், ஃப்ளாஷைத் தொட வேண்டியதில்லை.

அப்போது அடிக்கும் ஃப்ளாஷ் வெள்ளையாக இருந்தால் முகம் மட்டும் வேறு ஊரிலிருந்து வெட்டி ஒட்டியது போலிருக்கும். ஃப்ளாஷின் முகத்தில் ஒரு ஃபுல் சிடிஓ ஜெல்லை (வெளிச்சத்தை மஞ்சளாக்கும் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் தாளை) ஒட்டுங்கள். 5500 கெல்வின் 2900க்கு இறங்கும், வாசல் விளக்கோடு சேர்ந்துவிடும். முக்கால் ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சத்தைத் தின்னும், அந்த அளவு பவரை ஏற்றிக்கொள்ளுங்கள்.

குத்துவிளக்கு வேறு கதை. ஐந்து முகமும் ஏற்றிய விளக்குக்கு ஒன்றரை அடி தூரத்தில் இருக்கும் முகத்துக்கு ஐஎஸ்ஓ 3200, எஃப் 2, ஷட்டர் 1/60 வேண்டியிருக்கும். அந்த ஐஎஸ்ஓவில் ஃப்ளாஷை 1/128க்கு இறக்கினாலும் அது சுடரை விழுங்கிவிடும், ஜெல் ஒட்டினாலும் பல ஸ்டாப் கூடுதலாகத்தான் வரும். இங்கே ஃப்ளாஷை ஓரமாக வைத்துவிட்டு, பிரகாசத்தைக் குறைக்கக்கூடிய ஒரு சின்ன எல்இடியை எடுங்கள். நிறத்தை அதன் மிகக் குறைந்த கெல்வினுக்கு இறக்கி, மேலே அரை சிடிஓ ஒட்டி, ஒன்றிரண்டு சதவீதத்தில் வையுங்கள். வைக்கும் இடம் சுடர் இருக்கும் அதே பக்கம், அதே உயரம், பிரேமுக்கு ஒரு விரல்கடை வெளியே. எதிர்ப் பக்கத்தில் வைத்தால் சுவரில் இரண்டு நிழல் விழுந்து எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

மண்டபத்தில் நம் கையை மீறிய வெளிச்சங்கள் இருக்கும். முகூர்த்த மேடைக்கு நேர் எதிரே, எட்டடி உயரத்தில், வீடியோக்காரரின் எல்இடி நிற்கும். "அண்ணே, அந்த லைட்ட மட்டும் மேடைக்கு இடது பக்கம் நாலடி நகர்த்திக்கலாமா? ஐயர் தலை நிழலும் பொண்ணு மேல விழாது" என்று முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், அவர்கள் வீடியோவுக்கும் அது நல்லது. மலிவான எல்இடிகளில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. அரக்குப் பட்டு மரப்பட்டை நிறத்தில் வருவதும், குங்குமம் மங்குவதும் அதனால்தான். எடிட்டிங்கில் சிவப்பைக் கூட்டினால் முகமும் சேர்ந்து சிவக்கும். அங்கே பக்கவாட்டிலிருந்து ஒரு ஃப்ளாஷை முக்கிய வெளிச்சமாக்கிவிடுவதே வழி, பட்டு தன் நிறத்துக்குத் திரும்பிவிடும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கின்றன. ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் பட்டை விழாது. எலக்ட்ரானிக் ஷட்டரை மண்டபத்தில் மறந்துவிடுங்கள்.

கறுத்த முகத்துக்கு வெளிச்சம்

இவ்வளவையும் நான் சொல்வதற்குக் காரணமே இந்தப் பகுதிதான். நம் ஆல்பங்களில் கறுத்தவர்களுக்கு நடக்கும் அநியாயம் வெளிச்சத்தில் தொடங்கி பிரிண்டில் முடிகிறது. அதற்கு ஒரு வரலாறும் உண்டு. கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி கார்டு' என்ற மாதிரிப் படங்களில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்களே இருந்தார்கள். அந்தத் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று கணக்கு. பல நிறத்தவர்கள் இருக்கும் கார்டு வந்தது 1990களில்தான். ஃபிலிம் போய்விட்டது, கண் பழகிய பழக்கம் போகவில்லை. முகம் பிரகாசமாக வந்தால்தான் நல்ல படம் என்று இன்னும் நம்புகிறோம்.

வெளுத்த தோல் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறவிடும். கறுத்த தோலில் சிதறல் குறைவு என்பதால், மேற்பரப்பு கண்ணாடி போலத் திருப்பும் பளபளப்புதான் முகத்தின் வடிவத்தைச் சொல்கிறது. கன்ன எலும்பில், மூக்குத் தண்டில், தோள்பட்டையில் தெரியும் அந்த மினுக்கு, வெளிச்சம் வரும் பரப்பின் பிம்பம். சின்ன ஃப்ளாஷ் என்றால் சின்னதாக, வெள்ளையாக, எரிந்துபோன ஒரு புள்ளி. ஆறடி வேட்டி என்றால் கன்னம் முழுக்க வழியும் அகலமான ஒளி. வெளிச்சத்தைக் கொட்டுவது பயன் தராது. பெரிய பரப்பை, பக்கத்திலோ சற்றுப் பின்பக்கத்திலோ, கிட்டத்தில் வைப்பதுதான் வேலை செய்யும். முகத்தின் நிறம் தன் ஆழத்தில் நிற்கட்டும், மினுக்கு மட்டும் அதைவிட ஒன்றரை இரண்டு ஸ்டாப் மேலே நிற்கட்டும். அப்போதுதான் அந்த முகம் செதுக்கியதுபோல வரும்.

கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொள்ளும். கறுத்த முகத்தை, ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் அளந்து அப்படியே எடுத்தால் ஒரு ஸ்டாப் கூடிப்போய்த் தோல் சாம்பல் பூத்துவிடும். மீட்டர் சொல்வதை விட ஒரு ஸ்டாப் குறைத்து, மைனஸ் ஒன்று வையுங்கள். பக்கத்தில் வெள்ளை வேட்டி கட்டிய மாப்பிள்ளை பிரேமில் பாதியை நிரப்பினால் நேர்மாறாக முகம் மூழ்கும். முகத்தருகே ஒரு கிரே கார்டை (நடுத்தரச் சாம்பல் நிற அட்டையை) பிடித்து அளந்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. பவுடரையும் கவனியுங்கள். டைட்டானியம், ஜிங்க் ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீனும் சில பவுடர்களும் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் ஃப்ளாஷில் வெள்ளைப் படலமாக எழும். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம் ஆகிவிடும். மேக்கப் போடுபவரிடம் முந்தின நாளே சொல்லிவிட வேண்டிய விஷயம் இது. எண்ணெய் வழிந்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுத்தால் போதும், முழுக்கத் துடைத்துவிட்டால் வடிவம் சொல்லும் மினுக்கும் போய்விடும்.

இத்தனையும் செய்து எடுத்த படத்தை லேப்புக்கு அனுப்பும்போது ஆர்டரிலேயே 'கரெக்‌ஷன் வேண்டாம்' என்று எழுதிக் கொடுங்கள். எழுதாவிட்டால் அங்கே உட்கார்ந்திருப்பவரோ அவருடைய சாஃப்ட்வேரோ எல்லா முகத்தையும் ஒரே வெளுப்புக்குத் தூக்கிவிடுவார்கள். ஆல்பம் முழுவதையும் அடிக்கும் முன், கறுத்த முகம் ஒன்றும் அரக்குப் பட்டு ஒன்றும் உள்ள ஒரு படத்தைச் சின்ன அளவில் சோதனைப் பிரிண்ட் போடச் சொல்லுங்கள். கடையின் டியூப் லைட்டுக்குக் கீழே பார்த்துச் சரி சொல்லிவிடாமல், வாசலுக்குக் கொண்டுவந்து வெளி வெளிச்சத்தில் பாருங்கள். தோல் பழுப்பாக இல்லாமல் சாம்பலாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்து, மறுபடி அடிக்கச் சொல்லுங்கள்.